இலக்கம் ஒன்று: துளையுள்ள கல்

கண்காட்சியின் இரண்டாம் நாள் காலை அந்தப் பெண் உள்ளே வந்தார். கறுப்பு அபாயா, கையில் ஒரு தண்ணீர்ப் போத்தல், வெயிலில் வெகுதூரம் நடந்து வந்த முகம். வாசலில் வைத்திருந்த வருகைப் புத்தகத்தை அவர் பார்க்கவேயில்லை. நேராக நடு மேசைக்குப் போனார். அங்கே இருந்த கல்லின் துளைக்குள் நான்கு விரல்களையும் விட்டார். விட்ட கையை எடுக்கவில்லை.

அந்த மேசைக்கு மேலே "பொருட்களைத் தொட வேண்டாம்" என்று என் கையாலேயே எழுதி ஒட்டியிருந்தேன், மூன்று மொழியிலும். தபால் கந்தோரில் காலம் முழுக்க அறிவித்தல் ஒட்டி ஓய்வு பெற்றவன் நான். ஒட்டியதை மக்கள் வாசிப்பார்கள் என்ற நம்பிக்கை இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

"தங்கச்சி, அதத் தொட வேணாம்" என்றேன்.

அவர் திரும்பி, அண்ணனிடம் பேசும் உரிமையோடு சொன்னார். "இது எங்கட கல்லு, நானா."

எங்கள் கண்காட்சிக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் எதையாவது பார்த்துத் தங்களுடையது என்பார்கள். முதல் நாள் ஒருவர் வெற்றிலை துப்பும் பித்தளைப் படிக்கம் ஒன்றைக் காட்டி, அது தன் மாமியார் வீட்டுப் படிக்கம் என்று மதியம்வரை நின்றார். மாமியாரிடமே கேட்டுச் சொல்லுங்கள் என்றதும் போய்விட்டார். இப்படிப்பட்ட சந்தர்ப்பங்களுக்காக நான் ஒரு படிவம் தயாரித்து வைத்திருந்தேன். அதன் பெயர் உரிமை கோரல் படிவம்.

"அப்பிடியெண்டா இத நெரப்பித் தாங்க. கூட்டத்துல வெச்சுப் பாத்துச் சொல்றோம்."

"கூட்டம் எப்ப?"

"அடுத்த மாசம்."

"அதுவரைக்கும் நிக்க ஏலாது. வாற வெள்ளிக்கிழம நாங்க மன்னாருக்குப் போறம், ஒரேயடியாப் போறம். அதுக்கு முந்தி இந்தக் கல்லு இரிந்த எடத்துல இரிக்கணும்."

அன்று செவ்வாய்க்கிழமை. முதலில் எழுதித் தாருங்கள் என்று ஒரு கதிரையை இழுத்துப் போட்டேன். நூல் கட்டிய பேனையையும் கொடுத்தேன். தபால் கந்தோரை விட்டு வந்தாலும் பேனைக்கு நூல் கட்டும் பழக்கத்தை விட முடியவில்லை. அவர் கல்லிலிருந்து கையை எடுத்து, அபாயாவில் துடைத்துவிட்டு எழுதத் தொடங்கினார்.

அவர் எழுதி முடிப்பதற்குள் எங்கள் கழகத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் இந்தப் பத்தியில் நான் எழுதிய, தபால் பையைக் காகம் கொத்திய கதையை வாசித்த ஒருவர், "உங்களுக்கு ஓய்வுக்குப் பிறகு வேலையே இல்லையா?" என்று கேட்டு எழுதியிருந்தார். அவருக்கும் இதுவே பதில்.

ஒரு பிளேன்டீயில் பிறந்த கழகம்

யுத்தம் முடிந்து ஓரிரு வருடங்களில் எங்கள் பக்கத்துக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கற்பிட்டிக்கு இரண்டு பஸ் தரிப்பிடம் முன்னால் இருக்கிறது எங்கள் ஊர். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்புநீர்க் களப்பு, நடுவில் தென்னையும் மணலும். இந்த மணலில் பார்க்க என்ன இருக்கிறது என்று எங்களுக்கே தெரியாதிருந்த காலத்தில், வெள்ளைக்காரர்கள் பட்டம் கட்டிக்கொண்டு கடலில் ஓட வந்தார்கள். அவர்கள் தங்க ஹோட்டல் வந்தது. ஹோட்டல் வந்ததும் அதன் முகாமையாளருக்கு ஒரு வரலாறு தேவைப்பட்டது. அறையில் வைக்கும் கடதாசியில் அச்சடிக்க வேண்டுமாம்.

அவர் போய்க் கேட்ட ஆள் கபூர் சேர். புத்தளம் நகரத்தில் அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் இருக்கும்போதும் கழுத்துப்பட்டி கட்டியிருப்பார். "நாளைக்கு வாங்க" என்று முகாமையாளரை அனுப்பிவிட்டு, அன்று மாலையே வரலாற்றுக் கழகத்தை ஆரம்பித்துவிட்டார். முதல் கூட்டத்தில் ஒன்பது பேர் இருந்தோம். பிளேன்டீயும் பணிஸும் முடிந்த பிறகு மூன்று பேர் இருந்தோம். கபூர் சேர் தலைவர், நான் செயலாளர். மிஞ்சியவர் சின்னராசா அண்ணன்.

சின்னராசா அண்ணன் உடப்பு என்ற இந்து ஊர் ஆள். நில அளவையில் சங்கிலி பிடித்து நாடு முழுக்கக் காடு அளந்தவர். ஓய்வுக்குப் பிறகு எங்கள் ஊரில் மகளோடு இருக்கிறார். எதைப் பார்த்தாலும் அளப்பார். கழகத்தின் அறையாக நாங்கள் எடுத்த பழைய சங்கக் கடைக்குள் கால் வைத்ததும் அவர் செய்த முதல் வேலை, கதவை அளந்ததுதான். அளந்த எண்ணை உரத்துக் கூவுவார். காட்டில் ஒரு முனையில் நின்றவர் மறுமுனைக்குக் கேட்கக் கூவிய பழக்கம். பக்கத்தில் நிற்கும் எனக்குக் காது அடைக்கும்.

ஒருமுறை வண்ணாத்திவில்லுக் காட்டில் யானை துரத்தியதில் சங்கிலியைப் போட்டுவிட்டு ஓடினாராம். யானை போன பிறகு திரும்பி வந்து, சங்கிலியை எடுத்து, முதலில் யானையின் அடிச்சுவட்டை அளந்தாராம். எவ்வளவு என்று நான் கேட்டதில்லை. கேட்டால் சொல்லிவிடுவார்.

கபூர் சேர் கழகத்துக்கு யாப்பு, அதாவது விதிகள், எழுதினார். அதில் நான்காம் விதி எங்களுக்கெல்லாம் மனப்பாடம்: வாய்க்கதை ஏற்கப்படாது. கல், கட்டடம், எழுத்து, இவை மட்டுமே ஆதாரம். "ஆள்களுக்குக் கத கட்டத் தெரியும், செயலாளர். கல்லுக்குத் தெரியாது" என்பார்.

அவருக்கு இன்னொரு பழக்கம். ஒவ்வொரு கூட்டத்திலும் போன கூட்டறிக்கையை நான் வாசிப்பேன். வாசித்து முடித்துத் "திருத்தம் உண்டா?" என்று கேட்பேன். உண்டு. எப்போதும் உண்டு. சிவப்புப் பேனையின் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டுதான் அவர் கேட்கத் தொடங்குவார். கூட்டம் மழையால் சுணங்கியது என்று எழுதினால், தூறல் என்று திருத்துவார். திருத்தம் இல்லாத கூட்டறிக்கை ஒன்றை எழுத வேண்டும் என்பது அப்போது என் வாழ்க்கையின் இலட்சியங்களில் ஒன்றாக இருந்தது.

நாங்கள் செய்த சேவை

சனிக்கிழமை தோறும் சிரமதானம். ஆளுக்கொரு கத்தி, பொதுவில் ஒரு அலவாங்கு, ஒரு மண்வெட்டி, சின்னராசா அண்ணனின் அளவு நாடா. ஒரு பழைய கிணற்றைத் துப்புரவு செய்து, பறங்கியர் காலக் கிணறு என்று பலகை நட்டோம். அடுத்த வாரம் தோட்டத்துக் காவலாளி வந்து, அந்தக் கிணற்றைத் தானும் மச்சானும்தான் வெட்டியதாகச் சொன்னார். வாய்க்கதை. பலகை அப்படியே நின்றது.

தலவில சந்தானா மாதா தேவாலயத் திருவிழாவுக்குச் சனம் குவியும். அங்கும் ஒரு மேசை போட்டுப் பிரதேச வரலாற்றுத் தகவல் வழங்கினோம். காலையிலிருந்து மாலைவரை மலசலகூடம் எங்கே என்றும், சிலாபம் பஸ் எத்தனைக்கு என்றும் கேட்டார்கள். எல்லாருக்கும் சரியான தகவலே வழங்கினோம். பின்னேரம் ஒரு சிங்கள அம்மா மட்டும் கபூர் சேரிடம் கோயில் எப்போது கட்டியது என்று கேட்டார். சேர் கழுத்துப்பட்டியைச் சரி செய்துகொண்டு ஆரம்பித்தார். அந்த அம்மா பஸ்ஸைத் தவறவிட்டார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த நாட்களில்தான் அந்தக் கற்கள் கிடைத்தன.

பதினொரு சோடி

மையத்துகளை அடக்கும் ஊர் மையவாடிக்குப் பின்பக்கம், மதிலுக்கு வெளியே, ஒரு தென்னந்தோட்டத்தின் மூலை முள்ளு மண்டிக் கிடந்தது. தோட்டத்துக்காரர் வெளிநாட்டில். காவலாளியிடம் சொல்லிவிட்டு இரண்டு சனிக்கிழமை முள் வெட்டினோம். மூன்றாம் சனிக்கிழமை கற்கள் தெரிந்தன.

சிறிய கற்கள், பாதி மண்ணில் புதைந்திருந்தன. இரண்டு வரிசை. மேற்கு வரிசையில் ஆறு சோடி, கிழக்கு வரிசையில் ஐந்து. ஒவ்வொரு சோடியும் வடக்குத் தெற்காக நின்றது. சின்னராசா அண்ணன் ஒவ்வொரு சோடிக்கும் இடையில் நாடாவை நீட்டிக் கூவினார். "ரெண்டடி ஒண்ணு! ரெண்டடி ஏழு! ரெண்டடி மூணு!" நான் எழுதினேன்.

மையவாடிக்குப் பக்கம் என்பதால் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. அதைச் சொன்னேன் என்று இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். "சேர், கப்ருகளா இரிக்குமோ?"

கபூர் சேர் நாடாவைக் காட்டினார். "மூணு அடிக்குள்ள மனிசன அடக்க ஏலுமா, செயலாளர்? அதோட மதில் அங்க இரிக்கி. மதிலுக்கு வெளிய எப்பிடி மையவாடி வரும்?"

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

அப்போதுதான் மேற்கு வரிசையில் மூன்றாவது சோடியின் வடக்குக் கல்லைக் கண்டோம். மற்றவை கடற்கரையில் பொறுக்கக்கூடிய சாதாரணக் கற்கள். இது வேறு. தேங்காய் அளவை விடப் பெரிது, நடுவில் துளை. துளையின் விளிம்பில் கயிறு உராய்ந்து உராய்ந்து விழுந்த பள்ளம். கபூர் சேர் முழந்தாளிட்டு அந்தப் பள்ளத்தைத் தடவினார். எழும்பும்போது அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. ஒல்லாந்தர் காலக் கயிறு திரிக்கும் சாலை. இரண்டு வரிசையும் மரச்சட்டம் நட்ட கற்கள். துளைக்கல் கயிற்றை இழுத்துப் பிடித்த பாரம். வடக்குத் தெற்கு ஏன் என்றால், காற்றுக்கு.

தேங்காய் பறிக்க வந்த ஒருவர் வேலியோரம் நின்று பார்த்தார். "சேர், அது முகாம் ஆக்கள்ட எடம். விட்டுட்டு வாங்க."

"முகாம் வந்தது தொண்ணூறுல. இந்தத் தடத்தப் பாருங்க. இது இருநூறு வரிசத்துக் கயிறு" என்றார் சேர்.

அவர் தோளைக் குலுக்கிவிட்டு மரத்தில் ஏறினார். கூட்டறிக்கையில் இப்படி எழுதினேன்: "வழிப்போக்கர் ஒருவர் கருத்துத் தெரிவித்தார். நான்காம் விதியின்படி ஏற்கப்படவில்லை." சேர் அதில் "வழிப்போக்கர்" என்பதைத் "தொழிலாளர்" என்று திருத்தினார்.

தொண்ணூறில் யுத்தத்தில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் சனம் இங்கே வந்து முகாம்களில் இறங்கியபோது நாங்கள் மூவருமே ஊரில் இல்லை. நான் குருநாகல் பக்கத்தில் தபால் முத்திரை குத்திக்கொண்டிருந்தேன். சேர் புத்தளத்தில், சின்னராசா அண்ணன் எங்கோ ஒரு காட்டில். இருந்தவர்களைக் கேட்டிருக்கலாம். முகாம் ஆட்களில் எத்தனையோ குடும்பம் அரை மணி நேர பஸ் தூரத்தில் இருந்தது. கேட்பது எங்கள் விதியில் இருக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை அலவாங்கு போட்டுக் கற்களைக் கிளப்பினோம். சின்னராசா அண்ணன் அழகான வரைபடம் ஒன்று கீறினார். மதில் மூலையிலிருந்து ஒவ்வொரு கல்லும் எத்தனை அடி என்று அதில் இருந்தது. கற்களுக்குத் தீந்தையால் ஒன்று முதல் இருபத்திரண்டு வரை இலக்கம் போட்டோம். லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏற்றி அறைக்குக் கொண்டு வந்தோம். அந்த இடத்தில் ஒல்லாந்தர் காலக் கயிறு திரிக்கும் சாலை என்று பலகை நட்டோம். மேலதிக விபரங்களுக்குக் கழக அறைக்கு வருக என்ற வரி என்னுடையது.

அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் அந்தப் பெண் வந்திருந்தார்.

படிவம்

அவர் எழுதி முடித்துப் படிவத்தை நீட்டினார். வாசித்தேன்.

பெயர்: ஹைருன்னிஸா. பொருள்: கல்லு. பொருள் கடைசியாக இருந்த இடம்: மகன்ட தலைமாட்டில். உரிமைக்கான ஆதாரம்: நான் தாய். திருப்பிப் பெற விரும்பும் காரணம் என்ற இடத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

இரண்டாம் தரமும் வாசித்தேன். நான் தயாரித்த படிவம். கேள்விகள் என்னுடையவை. அந்தக் காரணம் என்ற கேள்வியை அவரிடம் கேட்டுவிட்டேனே என்று எனக்கு வந்த வெட்கம் இன்றைக்கும் இருக்கிறது.

"எத்தின வயசு?" என்று கேட்டேன்.

"ஆறு மாசம். எங்கட வள்ளத்துலதான் வந்தனாங்க. அவன் மடில இரிந்தான். இங்க வந்து மூணாங் கெழம வயித்தோட்டம். அந்தக் கெழமேலயே பக்கத்துக் கொட்டில்லயும் ஒரு பிள்ள மவுத்து." தண்ணீர்ப் போத்தலைத் திறந்து, குடிக்காமல் மூடினார். "பெரியாக்கள உள்ளுக்க அடக்கினாங்க. எடம் காணாது. பிள்ளையளுக்கு எண்டு தோட்டத்து ஹாஜியார் மதிலுக்கு வெளிய அந்தத் துண்டத் தந்தார். எல்லாரும் கரையில கெடந்த கல்லத்தான் வெச்சாங்க. இவன்ட வாப்பா மட்டும் வள்ளத்துக்குப் போய், கயித்த அறுத்து, நங்கூரக் கல்லக் கொண்டு வந்தார். ஏன் எண்டு கேட்டன். இனி எங்க போறது, நங்கூரம் என்னத்துக்கு எண்டார்."

கபூர் சேர் எப்போது உள்ளே வந்தார் என்று எனக்குத் தெரியாது. எனக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தார். "இன்னாலில்லாஹி" என்று மரணச் செய்திக்குச் சொல்வதைச் சொன்னார். கழுத்துப்பட்டியைத் தளர்த்தினார். அவரை அப்படி நான் அதுவரை பார்த்ததில்லை.

"அவன்ட வாப்பா முந்தியே ஊருக்குப் போய்ட்டார், வளவு துப்புரவாக்க" என்றார் ஹைருன்னிஸா. "நீ போய் ரெண்டு பேருக்குமா சலாம் சொல்லிட்டு வா எண்டார். நான் போனா அங்க ஒண்டுமில்ல. மொட்ட மணல். ஒங்கட பலக மட்டும் நிக்குது."

பிறகு எங்கள் இருவரையும் பார்த்துக் கேட்டார். "கயிறு திரிச்ச எடமா அது?"

நான் படிவத்தை மேசையில் கவிழ்த்து வைத்தேன்.

அளவில் பிழை இருக்கவில்லை. ரெண்டடி மூணு என்றால் ரெண்டடி மூணுதான். மூன்று பேரும் மையத்து வீடுகளுக்குப் போனவர்கள், பிள்ளை பெற்றவர்கள். மனிதன் என்றதும் மூன்று பேருக்கும் வளர்ந்த மனிதனே ஞாபகம் வந்தான்.

நான் செய்த வேலை

சின்னராசா அண்ணனைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னோம். அவர் அலுமாரியைத் திறந்து வரைபடத்தை மேசையில் விரித்தார். ஒவ்வொரு கல்லும் இலக்கத்தோடு இருந்தது. கபூர் சேரின் முகத்தில் கொஞ்சம் இரத்தம் திரும்பியது.

"இது போதும். எந்தக் கல்லு எங்க இரிந்ததோ அங்கயே வெச்சிரலாம்" என்றார் சேர்.

"அர அங்குலம் பிசகாது" என்றார் சின்னராசா அண்ணன்.

அப்போது நான் பேச வேண்டியிருந்தது. பேசுவதற்கு ஒரு பிளேன்டீ குடிக்கும் நேரம் எடுத்தது.

கண்காட்சிக்கு முந்தின வாரம், கற்களை மேசைகளில் பரப்பிப் பார்த்தபோது ஒழுங்கில்லாமல் இருந்தது. பெரிதும் சிறிதும் கலந்து கிடந்தன. பார்க்க வருகிறவர்களுக்கு அழகாக இருக்க வேண்டும் என்று, பெரிய கல்லிலிருந்து சிறிய கல் வரை வரிசையாக அடுக்கினேன். இலக்கம் குழம்புமே என்று பழைய இலக்கங்களைத் தேப்பன்தைலம் போட்டுத் துடைத்தேன். நன்றாகத் துடைத்தேன். புதிதாக ஒன்று முதல் இருபத்திரண்டு வரை போட்டேன். துளையுள்ள கல்தான் பெரியது, அது இலக்கம் ஒன்று. பழைய இலக்கம் எதற்குப் புதிய இலக்கம் எது என்று எழுதி வைக்கவில்லை. முத்திரை குத்தும்போது ஒரு தபாலைக்கூட மாறிப் போடாதவன் நான்.

ஒருவரும் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். சின்னராசா அண்ணன் வரைபடத்தில் விரலை வைத்து, "தொளக்கல்லு மட்டும் தெரியும். மேற்கு வரிச, மூணாவது, வடக்கு. மத்ததெல்லாம்..." என்று நிறுத்தினார்.

ஹைருன்னிஸா மேசைகளைச் சுற்றி வந்தார். ஒவ்வொரு கல்லையும் பார்த்தார். அவருக்கும் அடையாளம் தெரியவில்லை. எல்லாம் கரையில் கிடந்த கல்.

"எந்தப் பிள்ள எங்க எண்டு எனக்குத் தெரியும்" என்றார். "இவனுக்குக் கெழக்கால சுபைதாட மவள். அங்கால மம்மலிட ரெட்டப் பிள்ளையள். கல்லுதான் தெரியல்ல."

புதன்கிழமை

அன்று பகல் கண்காட்சியை மூடினோம். கபூர் சேர் கழுத்துப்பட்டியோடு பஸ் ஏறினார். ஹைருன்னிஸா சொன்ன பெயர்களைத் தேடி, இன்னும் திரும்பிப் போகாத குடும்பங்களின் வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போனார். நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். "தலைவர் நான். நான்தான் சொல்லணும்."

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு திரும்பி வந்தார். ஒரு வீட்டில் தேத்தண்ணி கொடுத்தார்களாம். இன்னொரு வீட்டில் அந்தப் பிள்ளையின் தாய் மவுத்தாகி வருடங்களாம். மூன்றாம் வீட்டில் பிள்ளையின் வாப்பா இவர் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாராம். சேர் கொஞ்ச நேரம் வாசலில் நின்றிருக்கிறார்.

"அவர் செஞ்சது சரி" என்றார் என்னிடம். அந்த மனிதர் இன்றுவரை எங்களோடு பேசியதில்லை.

வியாழக்கிழமை காலை

அதே லேண்ட்மாஸ்டர். கொண்டு வரும்போது கற்களைப் பெட்டிக்குள் எறிந்தோம். கொண்டு போகும்போது சாக்கு விரித்து ஒவ்வொன்றாக வைத்தோம். தீந்தையையெல்லாம் நான் முந்தின நாளே துடைத்திருந்தேன். துளைக்கல்லைக் கபூர் சேர் பெட்டிக்குள் ஏறி இருந்து மடியில் வைத்துக்கொண்டார். குலுங்கிய இடங்களிலெல்லாம் அதை இரண்டு கையாலும் பிடித்தார்.

தோட்டத்து மூலையில் ஹைருன்னிஸா எங்களுக்கு முன்பே வந்து நின்றார். வேறு இரண்டு பெண்களும் ஒரு முதியவரும் வந்திருந்தார்கள். மையவாடிக்குள் என்றால் பெண்கள் வருவது பற்றி யாராவது ஏதாவது சொல்லியிருப்பார்கள். அது மதிலுக்கு வெளியே இருந்ததால் யாருக்கும் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

கபூர் சேர் முதலில் பலகையைப் பிடுங்கினார். எனக்கும் அண்ணனுக்கும் கை கொடுக்க விடவில்லை. ஆழமாகத்தான் நட்டிருந்தோம், நேரம் எடுத்தது.

சின்னராசா அண்ணன் மதில் மூலையில் நாடாவின் ஒரு முனையை வைத்தார். வரைபடத்தைப் பார்த்து ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு ஈர்க்குக் குச்சி நட்டார். இருபத்திரண்டு குச்சி. அன்று அவர் கூவவில்லை. எண்களை மெல்லச் சொன்னார். நான் குனிந்துதான் கேட்க வேண்டியிருந்தது.

துளைக்கல்லை மேற்கு வரிசையில் மூன்றாம் சோடியின் வடக்குக் குச்சியில் வைத்தோம். ஹைருன்னிஸா அதைச் சற்றே திருப்பினார். "ஓட்ட இந்தப் பக்கம் பாத்துத்தான் இரிந்தது" என்றார். கயிறு அறுத்த பள்ளம் கடலைப் பார்த்தது.

மிச்சம் இருபத்தொரு கல் சாக்கில் கிடந்தது. யார் எதை எடுப்பது என்று தெரியாமல் எல்லாரும் நின்றோம். நான் அந்த முதியவரைப் பார்த்து, இது என் பிழை என்று சொல்லத் தொடங்கினேன். சொல்லி முடிப்பதற்குள் கண் நிறைந்துவிட்டது.

ஹைருன்னிஸா சாக்கருகே குந்தி ஒரு கல்லை எடுத்தார். சிறியது, ஒரு பக்கம் தட்டை.

"அழாதீங்க, நானா. வைங்க, எத வேணுமெண்டாலும் எடுத்து வைங்க" என்றார். "எல்லாம் பிள்ளையள்தானே. கல்லு மாறினதுக்கு அதுகள் சண்ட பிடிக்குமா?"

முதியவர் முதலில் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு கல்லை எடுத்தார். பெண்களும் எடுத்தார்கள். வராதவர்களின் பிள்ளைகளுக்கு நாங்கள் மூவரும் எடுத்தோம். எனக்குக் கிடைத்தது கிழக்கு வரிசையில் கடைசி. அது யாருடைய பிள்ளை என்று ஹைருன்னிஸாவுக்கும் ஞாபகம் இல்லை. அந்தக் கல்லை நட நான் மற்ற எல்லாரையும் விடக் கூடுதலான நேரம் எடுத்தேன்.

கபூர் சேர் துஆ ஓதினார். சின்னராசா அண்ணன் வேலிப் பக்கமாகத் தலைகுனிந்து நின்றார்.

ஹைருன்னிஸா துளைக்கல்லின் பக்கத்தில் இருந்து சலாம் சொன்னார். தன் பெயரில் ஒன்று, புருசன் பெயரில் ஒன்று. பிறகு தண்ணீர்ப் போத்தலைத் திறந்து தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை ஊற்றினார். முழுப் போத்தலும் ஊற்ற வேண்டியிருக்கவில்லை.

போகலாம் என்று எல்லாரும் எழும்பிய நேரம், சின்னராசா அண்ணன் அந்தத் தலைமாட்டுக்கும் கால்மாட்டுக்கும் இடையில் நாடாவை நீட்டினார். கடைசியாக ஒருமுறை சரிபார்க்காமல் அவரால் எந்த இடத்தையும் விட்டுப் போக முடியாது. நானும் பழக்க தோஷத்தில் கொப்பியைத் திறந்தேன். காட்டில் கூவிய பழக்கம் அவரையும் மீறி வந்துவிட்டது.

"ரெண்டடி மூணு!"

ஹைருன்னிஸா நாடாவைப் பார்த்தார்.

"ஓம்" என்றார். "அவ்ளோதான் இரிந்தான்."

மறுநாள் அவர் மன்னாருக்குப் போனார்.

அடுத்த மாதக் கூட்டத்தில் மூன்று பேரும் இருந்தோம். நான்காம் விதியை நீக்கும் பிரேரணையைத் தலைவரே கொண்டு வந்தார். அதற்கு முன்பு வழக்கம் போலப் போன சிரமதானத்தின் அறிக்கையை வாசித்தேன். கலந்துகொண்டோர், இடம், நட்ட கற்கள் இருபத்திரண்டு. மேற்கு வரிசை மூன்றாம் சோடியின் அளவு என்ற இடத்தில் நான் அடியும் அங்குலமும் எழுதவில்லை. ஹைருன்னிஸா சொன்னதை அவர் சொன்னபடியே எழுதியிருந்தேன்.

திருத்தம் உண்டா என்று கேட்டேன்.

கபூர் சேர் சிவப்புப் பேனையைக் கையில் வைத்திருந்தார். அதன் மூடியைப் போட்டு, சட்டைப் பைக்குள் வைத்தார்.

"இல்ல" என்றார்.